தேவையில்லை என்பதற்கு ஒரு காகிதம்

என் கணவர் சோதிலிங்கம் எளிதில் பயப்படுகிறவர் அல்ல. காகிதம் கேட்கிற எந்த அலுவலகத்துக்குள்ளும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார். அவரைக் கலங்கடிக்க வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது. "இதுக்கு ஒரு காகிதமும் தேவையில்லை" என்று சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இத்தாலியில் பலெர்மோ நகரத்துக்கு வந்து சேர்ந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இந்த வருத்தம் கொஞ்சம் இருக்கிறது. இவருக்கு முற்றிப்போய்விட்டது. பெர்மெஸ்ஸோ என்கிற இருப்பு அனுமதி, அதற்கு ஒரு போட்டோக் கொப்பி, அந்தக் கொப்பிக்கு இன்னொரு கொப்பி, வேலை ஒப்பந்தம், விலாசப் பதிவு, பிள்ளைக்கு ஊசி போட்ட அட்டை, எப்போதோ பிரிட்ஜ் வாங்கிய பற்றுச்சீட்டு, எல்லாம் ஒரு பொலித்தீன் பைக்குள் இருக்கும். அந்தப் பை இன்னொரு பொலித்தீன் பைக்குள் இருக்கும். சீசா என்கிற பகுதியில் எங்கள் இரண்டு அறை வீட்டில் பிள்ளையார் படம் கீழ்த்தட்டிலும் அந்தப் பை மேல்தட்டிலும் இருக்கின்றன. பிள்ளையாருக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் பூ. பைக்குத் தினமும் தூசி தட்டுவார்.

ஆகவே தொண்ணூற்றேழாம் ஆண்டு கோடையில் ஒரு படகு வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, அவர் ஏன் என்று கேட்கவில்லை. "அதுக்கு என்ன காகிதம் கேப்பினம்?" என்றுதான் கேட்டார்.

ஏன் என்பதை நான் இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் கேசிகாவுக்கு அப்போது ஒன்பது வயது. மே மாதத்தில் அவளுடைய பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை உஸ்திக்கா தீவுக்குக் கப்பலில் கூட்டிப்போனார்கள். காலையில் போய்ப் பின்னேரம் திரும்புகிற பயணம்தான். முதல் நாள் நான் அவளுடைய பையை அடுக்கியபடி, எந்தத் தாயும் சொல்லுகிற புத்திமதிகளைச் சொன்னேன்.

"நடுவிலை இரு, பிள்ளை. விளிம்பிலை இராதை. எழும்பி நிக்காதை. இருமல் வந்தால் லேஞ்சித் துண்டை வாய்க்குள்ளை வைச்சுக் கடி. தூரத்திலை வெளிச்சம் கண்டால் குனிஞ்சு படு. ரீச்சர் சொல்லும் மட்டும் எழும்பாதை."

கேசிகா பையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடிந்ததும் வயிற்றுக்குத்து என்று சுருண்டு படுத்துவிட்டாள். கப்பல் புறப்படுகிற நேரம் தாண்டியதும் எழும்பி வந்து பாணுக்கு ஜாம் பூசித் தின்றாள்.

இரண்டொரு நாளில் அவளுடைய ஆசிரியை என்னைக் கூப்பிட்டுக் கதைத்தார். பிள்ளைக்குக் கடலென்றால் பயம் போலிருக்கிறது என்றார். "அடுத்த வருடமும் போவோம். அதற்குள் அமைதியான கடலில் ஒரு சின்னப் படகில் அவளைக் கூட்டிப்போங்கள், சிஞ்ஞோரா. பழகிவிடும்" என்றார்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவளுடைய அப்பா எண்பத்தெட்டிலேயே கொழும்பில் விமானம் ஏறிவிட்டார். நானும் அவளும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டது தொண்ணூற்றுமூன்றில், கிளாலிக் கடல்நீரேரி வழியாக. சண்டையால் தரைப்பாதை மூடியிருந்தது. ஒரு மோட்டர்ப் படகின் பின்னால் நாலைந்து வள்ளங்களைக் கட்டி இருட்டில் இழுத்துக்கொண்டு போவார்கள். நேவிப் படகு வந்தால் எல்லோரும் வள்ளத்தின் அடியில் முகம் குப்புறப் படுக்க வேண்டும். வந்தது. படுத்தோம். நான் அவளுடைய பிடரியில் கையை வைத்து அமத்திப் பிடித்திருந்தேன். எங்களுக்குப் பின்னால் கட்டியிருந்த வள்ளத்தில் சிலர் பிறகு எழும்பவில்லை.

இதைப் பற்றி நாங்கள் வீட்டில் கதைப்பதில்லை. கணவருக்குக்கூட, கரைச்சல்பட்டு வந்தோம் என்பதற்கு மேல் நான் ஒன்றும் சொன்னதில்லை. கேசிகாவுக்கு அப்போது ஐந்து வயது. மறந்திருப்பாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். என் பிள்ளை பட்டப்பகலில், ஒருவரும் துரத்தாத ஒரு படகில், தலையை நிமிர்த்திக்கொண்டு ஒருதரம் போய்வர வேண்டும். அந்தப் பழைய வள்ளத்தின் மேல் இந்தப் புதுப் படகைக் கவிழ்த்து மூடிவிடலாம் என்று நினைத்தேன்.

மொந்தெல்லோக் கடற்கரையில் மிம்மோ என்பவர் கோடைக்குப் படகுகளை வாடகைக்கு விடுகிறார். அவரிடம் படகு கழுவுகிற பவுல் மன்னார்ப் பக்கம், பேசாலைக்காரர், எங்களுக்கு அடுத்த கட்டடத்தில் குடியிருப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்துக்கொண்டு வந்தவரை என் கணவர் வழியில் மறித்து வீட்டுக்குள் கொண்டுவந்து இருத்தினார்.

"பெரிய மோட்டர் எண்டால் பத்தெந்தே வேணும், அண்ணை. கடல் லைசென்ஸ். அதுக்குப் படிச்சுச் சோதினை எடுக்க வேணும்," என்றார் பவுல். "உங்களுக்குச் சின்ன மோட்டர் காணும். அதுக்கு லைசென்ஸ் தேவையில்லை."

"தேவையில்லை எண்டால்?"

"தேவையில்லை எண்டால் தேவையில்லை. பெரிய ஆள் ஒருத்தர் ஓட்ட வேணும். கரையை விட்டுத் தூரப் போகக்கூடாது. ஆக்கள் குளிக்கிற இடத்துக்குச் சிவப்பு மிதவை போட்டிருக்கும், அதுக்கு உள்ளை மோட்டரோடை வரக்கூடாது. எல்லாருக்கும் மிதக்கிற சட்டை இருக்க வேணும். அவ்வளவுதான்."

"அப்பிடி ஆர் சொன்னது?"

"சட்டம் சொல்லுது, அண்ணை."

"சட்டம் தேவையில்லை எண்டு சொன்னதுக்கு என்ன அத்தாட்சி?"

பவுல் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தேன். என் கணவர் விடுவதாக இல்லை. "நாளைக்குக் கடலிலை மறிச்சு லைசென்ஸ் எங்கை எண்டு கேட்டால் என்ன செய்யிறது? இல்லை எண்டால் குற்றம். தேவையில்லை எண்டால் அதுக்கு எழுத்து வேணும். வாயாலை சொன்னால் ஆர் நம்புவினம்?"

அவரைச் சும்மா குறை சொல்லக்கூடாது. வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் தேவையில்லை என்று திருப்பிக் கொடுத்த காகிதத்தைத்தான், அடுத்த அலுவலகத்தில் ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டார்களாம். அன்றிலிருந்து அவர் 'தேவையில்லை' என்ற சொல்லைக் கேட்டால், அடுத்த யன்னலில் காத்திருக்கிற கேள்வியைத்தான் நினைப்பார். ஆனால் ஒரு மனிதன் சந்தேகப்படுவதற்கும் ஓர் எல்லை வேண்டாமா?

வேலையில் அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு துறைமுக அலுவலகத்துக்குப் போனார். அங்கே யன்னலுக்குப் பின்னால் இருந்தவர் பொறுமைசாலி. பவுல் சொன்னதையே அவரும் சொன்னார். இவர் அதை எழுதித் தரும்படி கேட்டார். "லைசென்ஸ் தேவையானவர்களுக்கு லைசென்ஸ் கொடுப்போம். தேவையில்லாதவர்களுக்கு என்ன கொடுப்பது? அதற்கு எங்களிடம் படிவம் இல்லை" என்றாராம். இவர் வீட்டுக்கு வந்து, "நல்ல மனுசன். ஆனால் படிவம் இல்லையாம்," என்று துக்கவீட்டுச் செய்தி போலச் சொன்னார். அடுத்த கிழமை, யன்னலில் வேறு ஆள் இருப்பார் என்ற நம்பிக்கையில் மறுபடியும் போனார். அதே ஆள்தான் இருந்தார். இவருக்குக் கைகாட்டினாராம்.

பிறகு தான் துப்புரவு வேலை செய்கிற வீட்டு அவ்வொக்காத்தோவிடம் கேட்டார். வழக்கறிஞர் அல்லவா, ஏதாவது வழி சொல்வார் என்று நினைத்தார். அவர் சிரித்துவிட்டு, "சோதி, கடலுக்குப் போ, சந்தோஷமாக இரு" என்றாராம். "சிரிச்சவர்," என்று இவர் எனக்குச் சொன்ன விதத்திலேயே, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஏதோ தண்டனை ஒளிந்திருக்கிறது என்று நம்பியது தெரிந்தது.

கடைசியில் இவருக்கு ஏற்ற ஆள் கிடைத்தார். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் வெளிநாட்டுக்காரருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவர் ஒருவர் கடை வைத்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மேசையில் விரலால் தட்டினார், "கஷ்டமான அலுவல்தான். ஆனால் செய்யலாம்" என்றார். என் கணவர் அன்றைக்குத்தான் நிறைய நாளுக்குப் பிறகு முகம் மலர்ந்து வீட்டுக்கு வந்தார். மேல்தட்டுப் பையைத் திறந்து, புதுக் காகிதத்தை உள்ளே வைக்கும் முன் எனக்கு ஒருமுறை காட்டினார். மேலே அரசாங்க முத்திரை ஒட்டியிருந்தது. கீழே வட்டமாக ஒரு ரப்பர் முத்திரையும் நீள்சதுரமாக இன்னொன்றும் குத்தியிருந்தன. நடுவில் இருந்ததை நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். சோதிலிங்கமாகிய நான், சின்ன மோட்டர் பூட்டிய படகை ஓட்ட எனக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று என்னுடைய பொறுப்பில் அறிவிக்கிறேன். இப்படிக்கு, சோதிலிங்கம்.

"இஞ்சருங்கோ, இது நீங்கள் உங்களுக்கு எழுதின கடிதம் எல்லோ," என்றேன்.

"முத்திரை ஒட்டியிருக்குத்தானே," என்றார்.

ஆடி மாதமும் அதற்குள் முடிந்துபோயிருந்தது.

நான் வேலை செய்கிற வீட்டு சிஞ்ஞோரா ஓகஸ்ட் நடுப்பகுதித் திருநாள் கழிந்ததும் மலைப்பக்கம் போய்விட்டார். எனக்கு லீவு. மிம்மோவும் ஒரு வேலை நாளில் படகு தருவதாகச் சொன்னார். விடிய எழும்பி இடியப்பம் அவித்து, கட்டைச் சம்பல் இடித்து, மீன் கட்லட் பொரித்து, பிளாஸ்கில் தேத்தண்ணியும் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினோம். இத்தாலியர்கள் கடற்கரைக்குத் துவாயோடு போகிறார்கள். நாங்கள் போனால் அது இடம்பெயர்வு போலத்தான் இருக்கும். என் கணவர் நீளக் காற்சட்டையும் கைமூடிய சேட்டும் போட்டு, காகிதப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

அவர் இன்னொன்றும் கொண்டுவந்திருந்தார். புது வாகனம் எடுத்தால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துத்தானே ஓட்டத் தொடங்குவோம். படகுக்கும் அந்த மரியாதை வேண்டும் என்று கபோச் சந்தையில் வாங்கி வந்திருந்தார். எங்கள் ஊர்த் தேசிக்காய் இங்கே ஏது? அது சிசிலி எலுமிச்சை, பொத்திய கையளவு இருந்தது. மணலில் படகின் மூக்குக்குக் கீழே அதை வைத்துவிட்டு, பவுலும் மிம்மோவும் தள்ள, இவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். எலுமிச்சை நசியவில்லை. வழுக்கிக்கொண்டு போய்க் கடலில் விழுந்து எங்களுக்கு முன்னால் மிதந்தது. மிம்மோ அதை எடுத்துக் கழுவி, எங்கள் சாப்பாட்டுப் பெட்டியின் மேல் மரியாதையாக வைத்தார்.

பிறகு மிம்மோ பவுல் சொன்ன அதே விதிகளைச் சொல்லி, மிதக்கிற சட்டைகளைக் காட்டி, மோட்டரை இழுத்துக் கிளப்பிக் காட்டினார். கைபிடியை முறுக்கினால் வேகம், இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் திரும்பும். என் கணவர் காகிதத்தை நீட்டினார். மிம்மோ அதை முழுதாக வாசித்தார். வாசித்து முடித்துவிட்டுப் பவுலைப் பார்த்தார். பவுல் வானத்தைப் பார்த்தார். "மிக நல்ல காகிதம்" என்று மிம்மோ திருப்பிக் கொடுத்தார்.

இப்போது கேசிகா ஏற வேண்டும். அவள் முழங்கால் தண்ணீரில் நின்றாள். ஏறுவாளா, மாட்டாளா, வயிறு குத்துகிறது என்பாளா என்று நான் அவளைப் பார்க்க, அவள் கடலையும் பார்க்கவில்லை, படகையும் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டு ஒரே எட்டில் ஏறி இருந்தாள். நான்தான் ஏறும்போது தடுமாறி இடியப்பப் பெட்டியோடு விழப் பார்த்தேன்.

கடல் அன்றைக்குத் தகடு போல் கிடந்தது. என் கணவர் இரண்டு கையாலும் கைபிடியைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை மண்டபத்தில் இருப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டு ஓட்டினார். நடந்துபோகிறவர் எங்களை முந்தியிருப்பார். மிதவைகளைத் தாண்டி வெளியே வந்ததும் கேசிகா கையைத் தண்ணீருக்குள் விட்டு அளைந்தாள். ஒரு கட்லட்டைத் தின்றாள். அப்பாவைப் பார்த்து, "பாப்பா, பியூ வெலோசே" என்றாள். இன்னும் வேகமாகப் போகட்டாம்.

"வேகமாப் போனால் லைசென்ஸ் கேப்பாங்கள், பிள்ளை," என்றார்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பார்த்தாயா, என் வைத்தியம் பலித்துவிட்டது என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். காகிதத்துக்குப் பயந்தவர் ஒருவர், கடலுக்குப் பயந்தவள் ஒருத்தி, இரண்டு பேரையும் படகில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுவந்தவள் நான். கொஞ்சம் கர்வமாகவே தேத்தண்ணியை மூடியில் ஊற்றினேன்.

அப்போதுதான் அந்த மோட்டர்ச் சத்தம் கேட்டது. எங்கள் மோட்டர் மாதிரி அல்ல, அடிவயிற்றில் உதறுகிற சத்தம். மலை முனையைச் சுற்றிக்கொண்டு சாம்பல் நிறத்தில் ஒரு காவல் படகு வந்தது. இந்தக் கடற்கரையில் கோடை முழுக்க அது ரோந்து போகிற படகு. எங்களை நோக்கிக்கூட அது வரவில்லை.

பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. தேத்தண்ணி எங்கே போனது என்று தெரியாது. என் கை கேசிகாவின் பிடரியில் இருந்தது. அவளை இழுத்து அடியில் போட்டு, பக்கத்தில் நானும் முகம் குப்புறப் படுத்து, கையில் அகப்பட்ட துவாயை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். படகின் அடியில் கிடந்த கொஞ்சத் தண்ணீர் என் கன்னத்தில் பட்டது. கண்ணைத் திறக்கவில்லை.

கேசிகா திமிறவில்லை. என் கைக்குக் கீழே அசையாமல் கிடந்தபடி, தன்னுடைய ஒரு கையை மெல்ல எடுத்து என் முதுகில் தட்டினாள். குழந்தையை நித்திரையாக்கும்போது தட்டுவோமே, அப்படி.

"அம்மா," என்றாள், என் காதுக்குள். "இது மொந்தெல்லோ அம்மா."

எனக்குக் கேட்டது. ஆனால் எழும்ப முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் கத்துகிற சத்தமும், பிறகு நிறையப் பேர் கூச்சலிடுகிற சத்தமும் கேட்டன. கேசிகா என் கையை விலக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள். நானும் தலையைத் தூக்கினேன். பார்த்தால் என் கணவரும் எங்களுக்குப் பின்னால் காலை நீட்டிக் குப்புறக் கிடந்தார். கைபிடியில் கையே இல்லை. மோட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. படகு தன்பாட்டில் அரைவட்டம் அடித்து, சிவப்பு மிதவைகளுக்கு உள்ளே, குளிக்கிற ஆட்களுக்கு நேரே போய்க்கொண்டிருந்தது. மூன்று பேர் இருந்த படகில் திடீரென்று ஒருவரும் இல்லாமல் போனால் காவல்காரர் என்ன நினைப்பார்கள்? சாம்பல் படகு விரைந்து வந்து பக்கத்தில் அணைந்தது. ஒருவர் எங்கள் படகுக்குள் பாய்ந்து மோட்டரை நிறுத்தினார்.

அவர் கண்ட முதல் காட்சி, அடியிலிருந்து ஒரு கை மேலே எழுந்ததுதான். அந்தக் கையில் பொலித்தீன் பை இருந்தது.

மூக்கெல்லாம் வெயிலில் உரிந்த இளைஞர் அவர். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "யாருக்காவது சுகமில்லையா? என்ன நடந்தது?" என்று கேட்டார்.

கேசிகா எழும்பி நின்றாள். பலெர்மோப் பிள்ளைகள் இழுத்துப் பேசுகிற அதே இழுவையோடு, "ஒன்றுமில்லை. வெயில் காய்கிறோம்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கணுக்கால்வரை பஞ்சாபி உடுப்புப் போட்டிருந்தேன். நீளக் காற்சட்டைக்காரரையும் பார்த்தார். "மூன்று பேருமா? முகம் குப்புறவா? மோட்டரை ஓடவிட்டுக்கொண்டா?"

"எங்கள் நாட்டில் படகில் போனால் அப்படித்தான்" என்றாள் என் மகள்.

பொய் சொல்லக்கூடாது என்று அவளுக்குச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறேன். அவள் அங்கே சொன்னதில் பொய் ஏதாவது இருந்ததா என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது.

அந்த இளைஞர் என் கணவர் நீட்டிய காகிதத்தை வாங்கி வாசித்தார். முத்திரைகளைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "இது நீங்கள்தானே?" என்று கேட்டார். இவர் ஆமென்று தலையாட்டினார்.

"நீங்கள் எழுதியிருப்பது சரிதான், சிஞ்ஞோர். இந்தப் படகுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் யாராவது ஒருவர் கைபிடியைப் பிடித்திருக்க வேண்டும்."

என் கணவர் காகிதத்தைத் திருப்பி வாங்கி மேலிருந்து கீழே ஒருமுறை ஓடிப் பார்த்தார். பிறகு பணிவாகக் கேட்டார்: "அது எங்கே எழுதியிருக்கிறது?"

"அதை எங்கேயும் எழுதுவதில்லை" என்றார் அந்த இளைஞர். அவருக்குச் சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது. தண்டம் எதுவும் எழுதவில்லை. கயிறு போட்டு எங்களை மிதவைகளுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள். ஒரு மோட்டர்ப் படகின் பின்னால் கட்டி இழுபட்டுப் போகிற படகில், நான் இரண்டாம் முறையாக இருந்தேன். இந்த முறை நிமிர்ந்து இருந்தேன். அவர் கயிற்றை அவிழ்த்துவிட்டு, "நேரம் இன்னும் இருக்கிறது, அனுபவியுங்கள்" என்று சொல்லிப் போனார்.

கடல் மறுபடியும் பேசாமல் கிடந்தது. என் கணவர் காகிதத்தை ஒரு பைக்குள்ளும் பையை மற்றப் பைக்குள்ளும் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் மேல் வர வேண்டிய ஆத்திரம் அது. எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும்தானே.

"இஞ்சருங்கோ, எனக்குத்தான் ஏதோ நடந்தது. நீங்கள் ஏன் படுத்தனீங்கள்?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கிளாலியைக் கண்ணால் காணாத மனிதர்.

"நீர் படுத்தீர். பிள்ளையும் படுத்தா," என்றார். "நான் எல்லா இடத்திலையும் விசாரிச்சனான். இதை மட்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. காவல் படகு வந்தால் படுக்க வேணும் எண்டதும் ஒரு சட்டமாக்கும் எண்டு நினைச்சன்."

நான் சிரிக்கத் தொடங்கினேன். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பதறிப்போய், பையால் எனக்கு விசிறினார்.

கேசிகா கிட்ட வந்து என் முழங்காலில் கையை வைத்தாள். "அம்மா, வாற வருசம் நான் உஸ்திக்காவுக்குப் போகட்டோ? நீங்கள் பயப்பிட மாட்டீங்கள்தானே?"

"நான் ஏன் பயப்பிட வேணும்? உனக்குத்தானே வயித்துக்குத்து வந்தது."

"எனக்கு வயிறு குத்தேல்லை," என்றாள். "அண்டைக்கு நீங்கள் பை அடுக்கேக்கை உங்கடை கை நடுங்கினது. நான் போனால் பின்னேரம் வரைக்கும் உங்களோடை ஆர் இருக்கிறது?"

என் கணவர் விசிறுவதை நிறுத்திவிட்டார். நான் என் கையைப் பார்த்தேன். அவளுடைய ஐந்து வயதில் பிடித்து அமத்திய அந்தக் கை, நாலு வருடமாக அவளை விடவேயில்லை. எனக்குத்தான் தெரியாமல் இருந்தது.

"கரைக்குப் போவமோ?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"நேரம் இருக்கு எண்டு சொன்னவை எல்லோ," என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினேன். பின்பக்கம் போனேன். "நீங்கள் கொஞ்சம் அங்காலை தள்ளி இருங்கோ. நான் ஓடுறன்."

"உமக்கு ஓடத் தெரியுமோ?"

"தேவையில்லை எண்டுதானே காகிதம் எடுத்தனீங்கள்."

"அது என்ரை பேரிலை எல்லோ கிடக்கு," என்றார், உண்மையான கவலையோடு.

மிம்மோ காட்டினபடி கயிற்றை இழுத்தேன். முதல்முறை வரவில்லை, மூன்றாம் முறை வந்தது. கைபிடியை முறுக்கினேன். படகு முன்னால் பாய்ந்தது. என் கணவர் பையையும் பிடித்துக்கொண்டு பலகையையும் பிடித்துக்கொண்டார். மலை முனைப் பக்கம் அந்தச் சாம்பல் படகு இன்னும் சின்னதாகத் தெரிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

கேசிகா போய் முன்பக்கம் இருந்து, எலுமிச்சையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். கடலைப் பார்த்தபடி இருந்தாள். என் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.